கோமூத்திரியும் லெவல் ஏழும்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்து யாரும் மூக்கைப் பிடிக்க வேணாம். இது இலக்கணப் பதிவு. இலக்கணம்னதும் எழுந்து ஓடப் பார்க்கிறவங்க கொஞ்சம் உட்காருங்க, வீடியோ கேமும் வருது :-)

போன தீபாவளிக்கு சின்னசேலம் போயிருந்தப்ப ஆரம்பிச்ச விஷயம் இது. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல ஒரு குட்டி புதிர் விளையாட்டு எழுதிட்டிருந்தேன். கட்டத்துக்குள்ள எழுத்துங்களை நகர்த்தி வார்த்தை சேர்க்கிற ஆட்டம், மொத்தம் 24 லெவல். சோதனை எலி வேணுமே? ஆறாவது படிக்கிற அக்கா பொண்ணு கையில போனைக் குடுத்தேன். ரெண்டு நாள் நல்லா ஆடினா. மூணாம் நாள் காலையில வந்து நின்னா.

"மாமா, நேத்து ஒண்ணு முடிக்காம விட்டேனே, அது எங்க?"

"எந்த லெவல்?"

"அதான், வளைஞ்சு வளைஞ்சு போகுமே அது."

"நம்பர் சொல்லு பாப்பா."

"நம்பரெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுப்பாங்க? ஒரு பேர் வெச்சிருக்கலாம்ல?"

ஆறாம் கிளாஸ் புள்ளைகிட்ட பல்பு வாங்கினது அதோட நிக்கலை. உட்கார்ந்து பேர் வைக்கலாம்னு பார்த்தா ஒண்ணுமே தோணலை. 'வளைவு 1', 'வளைவு 2'ன்னு எழுதிட்டு எனக்கே வெட்கமாப் போச்சு. சரி, மத்தவங்க எப்படித்தான் பேர் வெச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் ஸ்காட்லாந்துல தொடங்கி காஞ்சிபுரத்துல போய் முடிஞ்சது.

முதல்ல ஸ்காட்லாந்து. டண்டீ ஊர்ல இருந்த டிஎம்ஏ டிசைன்காரங்க 1991ல விட்ட 'லெம்மிங்ஸ்' ஞாபகம் இருக்கா? பச்சை முடி வெச்ச குட்டிப் பசங்க வரிசையா நடந்து போய் பள்ளத்துல விழுவாங்க, நாம காப்பாத்தணும். நாலு பிரிவு, பிரிவுக்கு 30, ஆக 120 லெவல். ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. முதல் லெவல் பேரு 'ஜஸ்ட் டிக்!'. அதாவது, தோண்டுடா போதும். வேற யோசனையே வேணாம், பேருதான் விடை. ரெண்டாவது பேரு, குடை வெச்சிருக்கிறவன்தான் பிழைப்பான்னு சொல்லும். ஆரம்பத்துல பேரே வாத்தியார். போகப் போக வாத்தியார் கையை விட்டுட்டு நக்கல் பண்ண ஆரம்பிச்சுடுவார். முன்னாடி ஆடின அதே வரைபடம் பின்னாடி திரும்ப வரும், கையில இருக்கிற கருவி குறைஞ்சிருக்கும், பேரு மட்டும் மாறியிருக்கும். நாலு லெவலுக்கு, அதை வெளியிட்ட சைக்னாசிஸ் கம்பெனியோட வேற கேம்கள் பேரை வெச்சு சொந்த விளம்பரமும் ஓட்டியிருப்பாங்க.

அடுத்து பின்லாந்துக்காரர் ஆர்வி தெய்கரி 2019ல விட்ட 'பாபா ஈஸ் யூ'. அதுல ஒரு லெவல் பேரு 'எட்டாத தூரம்'னு வரும். மண்டையை உடைச்சு முடிச்சுட்டு நிமிர்ந்தா அடுத்த லெவல் பேரு 'இன்னும் எட்டாத தூரம்'. பார்த்ததும் சிரிச்சுட்டேன். சேலம்னு ஒண்ணு இருக்க, சின்னசேலம்னும் ஒண்ணு இருக்கிற மாதிரி. (எங்க ஊர்க்காரங்க அடிக்க வராதீங்க, நானும் அதே ஊர்தான்.)

இப்படி மேஞ்சுக்கிட்டிருந்தப்ப மண்டைக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சது. பள்ளிக்கூடத்துல தமிழ் ஐயா சித்திரகவின்னு ஒண்ணு நடத்தினாரே? மாலைமாற்று, நாகபந்தம்னு பேரெல்லாம் சொல்லிட்டு "இது பரீட்சைக்கு வராது"ன்னு தாண்டிப் போனாரே? அது பூராவும் புதிர்தானே! பரீட்சைக்கு வராததைத்தான் நமக்கு எப்பவும் பிடிக்கும். தண்டியலங்காரத்தை இறக்கி வெச்சுப் படிச்சேன்.

கொஞ்சம் வரலாறு. தண்டின்னு ஒரு சமஸ்கிருத ஆசிரியர், 7-8ஆம் நூற்றாண்டு, பல்லவர் காலத்து காஞ்சிபுரத்தோட தொடர்பு உள்ளவர். அவர் எழுதின அணி இலக்கண நூல் காவ்யாதர்சம். அதைத் தழுவி 12ஆம் நூற்றாண்டுல தமிழ்ல வந்ததுதான் தண்டியலங்காரம். அதோட கடைசிப் பகுதி சொல்லணியியல். அங்கதான் சித்திரகவி வருது. ஒரே சூத்திரத்துல 12 வகைக்குப் பேர் அடுக்கியிருக்கார்: கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம்.

இதை இலக்கணம்னு படிச்சா தூக்கம் வரும். லெவல் பேர் பட்டியல்னு படிச்சுப் பாருங்க, முழிப்பு வந்துடும்.

சிலது 'ஜஸ்ட் டிக்' ரகம், பேரே வழி சொல்லிடும். கூடசதுக்கம்னா மறைஞ்சிருக்கிற நாலாவது. பாட்டோட நாலாவது அடியில இருக்கிற எழுத்தெல்லாம் முதல் மூணு அடிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். பேரைக் கேட்டதும் எதைத் தேடணும்னு தெரிஞ்சு போச்சு. அக்கரச்சுதகம்னா எழுத்து உதிர்றது. தண்டியலங்கார உதாரணத்துல மூணு சாமியைப் பத்திக் கேட்டுட்டு கடைசியில விடை குடுப்பாங்க: கநகாரி. முதல் எழுத்தை உதிர்த்தா நகாரி. இன்னொண்ணை உதிர்த்தா காரி. கனகன்ங்கிற இரணியனுக்குப் பகைவன் நரசிம்மன், மலைக்குப் பகைவன் முருகன், காரின்னா சாத்தன். எழுத்து கொட்டக் கொட்ட சாமி மாறுது! இன்னிக்கு வர்ற வார்த்தை விளையாட்டு ஆப்ல இதைப் போட்டா அப்படியே ஓடும்.

வினாவுத்தரம் இன்னும் ஜோர். குட்டிக் குட்டியா கேள்வி. இலட்சுமிக்கு என்ன பேரு? திரு. கிளம்பறவனை அனுப்பறவன் என்ன சொல்வான்? ஏகு. சண்டையில விடற சரத்துக்குப் பேரு? அம்பு. அழகுக்கு இன்னொரு சொல்? அம். கடைசிக் கேள்வி, சிவன் குடியிருக்கிற இடம் எது? விடையெல்லாத்தையும் ஒட்டுங்க: திருவேகம்பம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோவில்! தண்டியோட ஊரே விடையா வந்து நிக்குது.

இன்னொரு ரகம் இருக்கு, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். கண்ணால பார்த்த பொருள்ல இருந்து எடுத்த பேரு. மாலை, நாகம், சக்கரம், குளம், மாடு.

மாலைமாற்று ஈஸி. முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணு. விகடகவி, தேரு வருதே, மோரு போருமோ எல்லாம் நாம சின்ன வயசுல சொன்னதுதான். தண்டியலங்காரத்துக்கு ஐந்நூறு வருஷம் முன்னாடியே, 7ஆம் நூற்றாண்டுல, திருஞானசம்பந்தர் சீர்காழியை வெச்சு ஒரு பதிகம் பூராவும் இப்படியே பாடிட்டார். பதினொரு பாட்டு, ஒவ்வொண்ணும் திருப்பிப் படிச்சாலும் அதே. சமஸ்கிருதத்துல இந்த வேலைக்கு பிரதிலோமம்னு பேரு. முடிக்கு எதிர்ப்பக்கமா தடவறதுன்னு அர்த்தம். அவங்க மாட்டுத் தோலைத் தடவிப் பார்த்துப் பேர் வெச்சாங்களோ என்னவோ, நம்மாளு மாலையைப் பார்த்தார். பூ ஒரே மாதிரி கட்டியிருந்தா மாலையை எந்த முனையில இருந்து எண்ணினா என்ன?

(சைடுல ஒண்ணு. விகடகவியை பைத்தான்ல திருப்பிப் போட்டேன், குப்பையா வந்துச்சு. யூனிகோடுல 'வி'ங்கறது வ தனி, கொக்கி தனி, ரெண்டு குறியீடு. அப்படியே திருப்பினா கொக்கி முன்னாடி வந்து நிக்கும். சம்பந்தருக்கு இந்தப் பிரச்சனை இல்லை.)

சுழிகுளத்துக்குத்தான் நான் விழுந்துட்டேன். நாலு வரி, வரிக்கு எட்டு எழுத்து, புள்ளி வெச்ச எழுத்தையும் எண்ணணும். 4க்கு 8 கட்டமா எழுதிக்குங்க. முதல் வரியை சாதாரணமா இடமிருந்து வலமா படிங்க. இப்ப முதல் பத்தியில மேலிருந்து கீழ இறங்கி, கடைசிப் பத்தியில கீழிருந்து மேல ஏறுங்க. அதே முதல் வரி வரும்! ரெண்டாவது வரிக்கு ரெண்டாவது பத்தியில இறங்கி ஏழாவது பத்தியில ஏறணும். இப்படியே வெளிய இருந்து உள்ள, உள்ளன்னு சுத்திக்கிட்டே நடுவுக்குப் போகும். தண்ணி சுழிச்சு உள்ள இறங்கற மாதிரி.

சமஸ்கிருதத்துல இதே அமைப்புக்கு அர்த்தப்ரமம்னு பேரு, பாதிச் சுற்று. சரியான பேருதான், எங்க ஆபீஸ்ல யாராவது ஃபங்ஷனுக்கு வைக்கிற பேரு மாதிரி துல்லியமா இருக்கு. ஆனா தமிழ்ல எடுத்தவர் அதை அப்படியே மொழிபெயர்த்து 'அரைச்சுற்று'ன்னு வெச்சுட்டுப் போகலை. குளத்தங்கரையில நின்னு யோசிச்சிருக்கார். சுழிகுளம்! பேரைக் கேட்டதும் கண்ணு தானா உள்பக்கம் சுத்துது பாருங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுழிகுளத்துல இருக்கிற 32 கட்டத்துல 20 எழுத்துதான் எழுதறவர் இஷ்டம், மீதி 12 தானா வந்து உட்கார்ந்துடும். சருப்பதோபத்திரம் இன்னும் கொடுமை. நாலு வரியை எழுதி, அதையே கீழிருந்து மேலா திரும்ப எழுதி, 8க்கு 8 சதுரங்கப் பலகை மாதிரி ஆக்கினா எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் ஒண்ணா வரும். 64 கட்டம், ஆனா கையில இருக்கிற சுதந்திரம் வெறும் 10 எழுத்து! எல்லாப் பக்கமும் மங்கலம்னு பேருக்கு அர்த்தம். நாலு பக்கமும் வாசல் வெச்ச கட்டடத்துக்கும் இதே பேர் உண்டு. இந்தப் பேரை தமிழ்த் தண்டி மாத்தாம வடமொழியிலயே எடுத்துக்கிட்டார். பத்து எழுத்தை வெச்சு சாமி கும்பிட்ட களைப்புல விட்டிருப்பாரோ?

இதெல்லாம் கவிதையா, வெறும் எழுத்து வித்தைதானேன்னு கேக்கறவங்க உண்டு. நியாயமான கேள்விதான். உரை இல்லாம பாதிக்கு மேல எனக்குப் புரியலை, புரிஞ்சதும் உருகிடலை. ஆனா 10 எழுத்தை வெச்சு 64 கட்டம் நிரப்பி அதுக்கு ஒரு அர்த்தமும் வர வெச்சவனை, லெவல் டிசைனரா மட்டும் பார்த்தா, எழுந்து நின்னு கும்பிடத் தோணுது.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஓலைச்சுவடியில பாட்டை அடி அடியா பிரிச்சு எழுத மாட்டாங்க. இடம் மிச்சம் பண்ண ஒரே ஓட்டமா எழுதிட்டே போவாங்க, பெரும்பாலும் புள்ளி கூட வைக்க மாட்டாங்க. அந்த ஓட்டத்துக்குள்ள ஒரு சுழிகுளம் இருந்தா, கட்டம் போட்ட படம் பக்கத்துல இல்லைன்னா, படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பேருதான் சொல்லணும். அந்த ஒரு வார்த்தைதான் படம், அதுதான் செய்முறை. நாம ஜிப் ஃபைல் அனுப்பிட்டு எப்படித் திறக்கறதுன்னு தலைப்புலயே எழுதற மாதிரி. எனக்குத் தோணினது இது, புலவர்கள் இருந்தா திருத்துங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். கோமூத்திரி.

உரையை மூணு தடவை படிச்சேன். பாட்டோட முன்பாதியை மேல் வரியா, பின்பாதியை கீழ் வரியா எழுதணும். மேல ஒரு எழுத்து, கீழ ஒரு எழுத்துன்னு மாத்தி மாத்திப் படிச்சா மறுபடி அதே பாட்டு வரும். புரியற மாதிரி நானே ஒரு மொக்கை செய்யறேன்:

ஆ டு மா டு
ஓ டு வீ டு

மேல ஆ, கீழ டு, மேல மா, கீழ டு: ஆடு மாடு. கீழ ஓ, மேல டு, கீழ வீ, மேல டு: ஓடு வீடு. (கல்லு எடுக்காதீங்க, இலக்கணம் மட்டும் பாருங்க.)

பசுவோட மூத்திரம்னு பேரு ஏன்னு மட்டும் மண்டையில ஏறலை. நகரத்து அபார்ட்மென்ட்ல உட்கார்ந்து யோசிச்சா எப்படி ஏறும்? ராத்திரி படுத்தப்புறம்தான் வந்தது. தாத்தாகிட்ட ஒரு கட்டை வண்டி இருந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏத்திக்கிட்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போவார். அஞ்சாறு வயசு இருக்கும், லோடு இறக்கிட்டுத் திரும்பறப்ப பின்னாடி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துக்குவேன். எதிர்ல போற வண்டியெல்லாம் வேகமாப் போகும், நம்ம வண்டி மட்டும் ஆடி ஆடிப் போகும். மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பேயும், நிக்காது. அது அசைஞ்சு அசைஞ்சு நடக்கிறதால புழுதியில ஒரு கோடு விழும், இந்தப் பக்கம் வளைஞ்சு, அந்தப் பக்கம் வளைஞ்சு, இந்தப் பக்கம் வளைஞ்சு... வண்டி முன்னால போகப் போக அந்தக் கோடு என் காலுக்குக் கீழ இருந்து நீண்டுக்கிட்டே வரும். வீடு வர்ற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு வருவேன்.

அதேதான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கும் முன்னாடி எவனோ அதே கோட்டைத் தெருவுல பார்த்து, இதை விட நல்ல பேர் கிடைக்காதுன்னு முடிவு பண்ணியிருக்கான். கிராதார்ஜுனீயம் எழுதின பாரவி பேரு 634ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டுல வருது. அந்தக் காவியத்தோட 15ஆவது சருக்கத்துலயே இந்த வித்தையெல்லாம் இருக்குன்னா, பேரும் அப்பவே தெருவுல இருந்து ஏட்டுக்கு வந்திருக்கணும். நாத்தம் பார்க்கலை, அசிங்கம் பார்க்கலை. ஆடறவனுக்கு அது கண்ணுல பட்டிருக்குமா, அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஞானோதயத்தோட பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். லெவல் ஏழுதான் அந்த வளைஞ்சு வளைஞ்சு போற லெவல். பெருமையா 'கோமூத்திரி'ன்னு பேர் போட்டு பாப்பா கையில குடுத்தேன்.

"கோமூ... கோமுகி டேமா மாமா?"

அவளுக்குத் தெரிஞ்ச கோ அதுதான். கச்சிராயபாளையம் பக்கத்துல கல்வராயன் மலை அடிவாரத்துல இருக்கிற அணை, போன லீவுல கூட்டிட்டுப் போயிருந்தாங்க. நான் மாட்டுக் கதையை முழுசா சொன்னேன். "ச்சீ"ன்னா. அப்புறம் யோசிச்சுட்டு, "மாடு நடந்துக்கிட்டே போகுமா?"ன்னு கேட்டா. காட்டலாம்னு தெருவுக்குக் கூட்டிட்டு வந்தேன். சிமென்ட் ரோடு. ரெண்டு டிராக்டர் நிக்குது. தாத்தா போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு, வண்டியை அதுக்கு முன்னாடியே வித்தாச்சு. பக்கத்து வீட்டுல ஒரு ஜெர்சி மாடு இருக்கு, ஆனா கட்டின இடத்தை விட்டு அது நகரவே இல்லை. பத்து நிமிஷம் நின்னு பார்த்தோம். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அவ்வ்வ்.

பேர் வெச்சவன் மேல தப்பில்லை. குளம், முரசு, மாலை எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு நம்பி வெச்சிருக்கான். 16ஆம் நூற்றாண்டுல மாறனலங்காரம் எழுதின திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இன்னும் நிறைய வகை சேர்த்தார், முரசபந்தம், இரதபந்தம்னு. முரசுல வார் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறதைப் பார்த்தவனுக்குத்தான் முரசபந்தம் பாதி அவிழும். நான் முரசு பார்த்ததே சினிமாவுலதான், வார் எப்படிப் போகும்னு சத்தியமா தெரியாது. 1929ல மறைஞ்ச பாம்பன் சுவாமிகள் வேல் வடிவத்துல செஞ்ச சஸ்திரபந்தம் மட்டும் இன்னிக்கும் பக்தர்கள் நடுவுல படத்தோட சுத்துது. வேலை இன்னும் எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கோம், அதான்.

தெருவுல இருந்து திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்தோம். பேரை அழிச்சுட்டு போனை அவகிட்டயே குடுத்து, "சரி தாயி, நீயே ஒண்ணு வை"ன்னேன். லெவல் ஏழைத் திறந்து விரலை வெச்சு ஒருதரம் ஓட்டிப் பார்த்தா. மேல, கீழ, மேல, கீழ.

"இது வெள்ளிமலை பஸ்ஸு மாமா. கோமுகி டேம் தாண்டி மேல ஏறும்போது இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். எனக்கு வாந்தி வந்துச்சே, அது."

லெவல் ஏழுக்கு இப்ப பேரு 'வெள்ளிமலை பஸ்'. மீதி 23ஐ ஒவ்வொண்ணா அவளே பார்த்துக்கிட்டிருக்கா. நேத்து ராத்திரி போன்ல பன்னெண்டாவதுக்கு 'அம்மாயி சுருக்குப் பை'ன்னு வெச்சிருக்கறதா சொன்னா. அது சுழிகுளம் மாதிரி வெளிய இருந்து உள்ள போற லெவல்.